பெயரைத் தவறாகக் கேட்கும் இயந்திரம்

அரசு சேவைகள் குரல்வழிக்கு மாறும் காலத்தில் பிற மொழியினர் உச்சரிக்கும் பெயர்களின் கதி என்ன?

புது தில்லி: நாடாளுமன்ற விவாதங்களை இயந்திரமே கேட்டு எழுத்தாக்கி, பிற மொழிகளில் பெயர்த்துத் தருவதை நோக்கமாகக் கொண்ட "சன்சத் பாஷிணி" திட்டத்துக்காக, மக்களவைச் செயலகமும் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் 2025 மார்ச் 18-ஆம் தேதி ஒப்பந்தம் செய்துகொண்டன. திட்டம் வரவேற்கத்தக்கது. ஆனால், 543 உறுப்பினர்கள் அமரும் அந்த அவையில் ஒவ்வொரு நாளும் நிகழும் ஒன்றை இயந்திரம் எவ்வாறு சமாளிக்கும் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரு மொழியைச் சேர்ந்த பெயரை வேறொரு மொழிக்காரர் தம் நாவுக்கு வசதியான முறையில் உச்சரிக்கிறார். மூன்றாவது மொழிக்குப் பழக்கப்பட்ட இயந்திரம் அதைக் கேட்டு எழுத வேண்டும்.

2019, 2024 தேர்தல்களில் தூத்துக்குடியில் வென்ற கனிமொழியின் பெயரை ஹிந்தி நாளிதழ்கள் ழகரத்துக்குப் பதிலாக, ஜகரத்தை அழுத்திச் சொல்லும் எழுத்தைக் கொண்டு அச்சிடுகின்றன. அதைப் படிக்கும் வடஇந்தியர் "கனிமோஜி" என்றே சொல்வார். கோழிக்கோட்டுக்கும் ஆலப்புழைக்கும் அதே கதிதான். ழகரத்துக்கென தேவநாகரியில் ஒரு குறியீடு கணினி எழுத்துத் தரத்தில் இடம்பெற்றிருந்தாலும், நடைமுறை ஹிந்தியில் அதைக் காண்பது அரிது. அவையில் இத்தகைய உச்சரிப்பு சில நேரங்களில் நகைப்புக்கும் சில நேரங்களில் மனவருத்தத்துக்கும் காரணமாவதோடு முடிந்துவிடும். சாமானிய மக்களின் பெயர்களுக்கு இது நேரும்போது விளைவு அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

குரலே விண்ணப்பம்

தேசிய மொழிபெயர்ப்பு இயக்கம் 2021-22 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2022 ஜூலையில் காந்திநகரில் பிரதமர் நரேந்திர மோடி "பாஷிணி" தளத்தைத் தொடங்கிவைத்தார். அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மக்கள் தங்கள் குரலிலேயே அரசுடன் உறவாட வேண்டும் என்பது இதன் இலக்கு. அதன் பிறகு குரல்வழிச் சேவைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

பிரதமரின் விவசாயிகள் கௌரவ நிதித் திட்டம் குறித்த ஐயங்களுக்குப் பதிலளிக்க 2023 செப்டம்பரில் "கிசான் இ-மித்ரா" என்ற குரல்வழி உதவியாளர் அறிமுகமானது. அதே மாதத்தில், பேசியே பணம் அனுப்பும் வசதியைத் தேசிய பணப் பட்டுவாடாக் கழகம் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் அறிவித்தது. 2025-இல் பிரயாக்ராஜ் மகா கும்பமேளாவில், காணாமல்போன பொருள்களைப் பற்றித் தம் மொழியிலேயே பேசிப் பதிவு செய்ய 11 மொழிகளில் பாஷிணியின் உதவி ஏற்பாடு செய்யப்பட்டது.

நீதிமன்றங்களும் இந்தப் பாதையில் அடியெடுத்து வைத்துவிட்டன. மகாராஷ்டிர அரசியல் நெருக்கடி தொடர்பான வழக்கில், 2023 பிப்ரவரி 21-ஆம் தேதி உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் வாதங்கள் முதல்முறையாக இயந்திரத்தின் துணையுடன் உடனுக்குடன் எழுத்தாக்கப்பட்டன. கேரள உயர்நீதிமன்றம் ஒரு படி மேலே சென்று, மாவட்ட நீதிமன்றங்களில் சாட்சிகளின் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய "அதாலத் ஏஐ" என்ற குரல் எழுத்தாக்க மென்பொருளை 2025 நவம்பர் 1 முதல் கட்டாயமாக்கியது.

விவசாயியின் கோரிக்கை, பணம் பெறுபவரின் அடையாளம், சாட்சியின் வாக்குமூலம் ஆகிய எதுவானாலும் அதன் அச்சாணியாக இருப்பது ஒரு பெயர். வாக்கியத்தில் ஒரு வினைச்சொல் பிழையானால் சூழலைக் கொண்டு ஊகித்துக்கொள்ளலாம். பெயர் பிழையானால் ஊகிக்க வழியில்லை.

சொல்லுக்கும் பெயருக்கும் உள்ள வேறுபாடு

பேச்சைக் கேட்டு எழுதும் இயந்திரம் இரண்டு சான்றுகளை எடைபோடுகிறது. ஒன்று, காதில் விழுந்த ஒலி. மற்றொன்று, அந்த இடத்தில் எந்தச் சொல் வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பு. கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்து உருவானது அந்த எதிர்பார்ப்பு. சாதாரணச் சொற்களைப் பொருத்தவரை இது பெரும் துணை. இரைச்சலில் பாதி ஒலி மறைந்தாலும் மீதியை இயந்திரம் சரியாக நிரப்பிவிடும்.

பெயர்களில் அதே துணை பகையாகிறது. அரிதான பெயரை இயந்திரம் எதிர்பார்ப்பதில்லை. எனவே, அதற்கு நெருங்கிய ஒலியுடைய பழகிய சொல்லையோ, பலமுறை கேட்ட வேறொரு பெயரையோ அந்த இடத்தில் வைத்துவிடுகிறது. 2025-இல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் நடைபெற்ற அவதூறு வழக்கு ஒன்றில், மனுதாரரின் பெயரான "நோயல்" என்பதை எழுத்தாக்க மென்பொருள் மீண்டும் மீண்டும் "இல்லை" என்று பொருள்படும் "நோ" என்ற ஆங்கிலச் சொல்லாகப் பதிவு செய்தது. ஆங்கிலம் பேசும் நாட்டில் ஆங்கிலேயருக்குப் பழகிய பெயருக்கே இந்த நிலை. சாட்சியம் ஒன்றில் ஒரு பெயர் "இல்லை" என்று பதிவானால் என்ன ஆகும் என்பதை வழக்குரைஞர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பிறமொழி உச்சரிப்பு சேரும்போது ஒலி என்ற முதல் சான்றும் தளர்ந்துவிடுகிறது. ஹிந்தியில் குறில் எகரமும் ஒகரமும் தனி எழுத்துகளாக இல்லை. "செல்வி" அங்கு "சேல்வி"யை நெருங்குகிறாள். சொல்லின் நடுவிலும் இறுதியிலும் வரும் அகரத்தை விழுங்குவது ஹிந்தியின் இயல்பு. அதனால் கமலா "கம்லா" ஆகிறார், துளசி "துல்சி" ஆகிறார். வங்காளிகள் வகரத்தைப் பகரமாக ஒலிப்பதால் விவேக் "பிபேக்" ஆகிறார். லட்சுமி "லொக்கி" ஆகிறாள். அஸ்ஸாமிய மொழியில் ஸகரம் தொண்டையிலிருந்து எழும் ஹகரம் போல் ஒலிக்கிறது. மணிப்புரியும் மிúஸாவும் சுருதி மாறினால் பொருள் மாறும் மொழிகள். அந்தச் சுருதி பிற மாநிலத்தவரின் காதில் பதிவதே இல்லை.

இவற்றில் எதையும் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொரு தாய்மொழியும் தன்னைப் பேசுவோரின் நாவுக்குச் சில ஒலிகளைப் பழக்குகிறது. சிலவற்றைப் பழக்காமல் விடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 10,000 பேருக்கு மேல் பேசும் மொழிகள் மட்டும் இந்நாட்டில் 121. பிறந்த இடத்திலோ முன்பு வசித்த இடத்திலோ இல்லாமல் வேறிடத்தில் வாழ்வோர் 45 கோடிக்கும் அதிகம் என்றும் அதே கணக்கெடுப்பு கூறுகிறது. ஆகவே, ஒரு மொழியின் பெயரை மற்றொரு மொழிக்காரர் உச்சரிப்பது இந்தியாவில் விதிவிலக்கு அல்ல, அன்றாட நடப்பு.

ஊர்ப் பெயரும் உயிரும்

ஊர்ப் பெயர்களில் இந்தச் சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. மகாராஷ்டிரத்தில் ராய்கட் மாவட்டம் இருக்கிறது. சத்தீஸ்கரில் ராய்கர் மாவட்டம் இருக்கிறது. மராட்டியர் இரண்டையும் வேறுபடுத்திச் சொல்வார். ஹிந்திக்காரர் மகாராஷ்டிரத்து ஊரையும் தம் வழக்கப்படி ராய்கர் என்றே சொல்வார். தமிழரோ, ஹிந்தியில் நாவை மடித்துச் சொல்லும் அந்த இறுதி ஒலியை ரகரமாகவும் டகரமாகவும் மாற்றி மாற்றிச் சொல்லக்கூடும். பிலாஸ்பூர் ஹிமாசலப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் உண்டு. ஹமீர்பூர் ஹிமாசலத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் உண்டு. பிரதாப்கர் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உண்டு. இவை அனைத்தும் மாவட்டங்களின் பெயர்கள். கிராமங்களின் அளவில் ஒரே பெயர் எத்தனை இடங்களில் வரும் என்பதைக் கணக்கிடத் தொடங்கினால் தலை சுற்றும்.

ரயில் விசாரணையில் ஊர் மாறினால் பயணிக்கு அலைச்சல். 112 என்ற அவசர உதவி எண்ணை அழைத்து, வெளிமாநிலத் தொழிலாளி ஒருவர் தாம் நிற்கும் இடத்தைத் தம் உச்சரிப்பில் சொல்லும்போது ஊர் மாறினால் இழப்பு எத்தகையது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அங்கே இயந்திரத்துக்கு இடம் கொடுப்பதற்கு முன்பு இந்தச் சோதனையில் அது தேறியாக வேண்டும்.

எழுத்தும் குற்றவாளியே

குறையை முழுவதும் ஒலியின் மீது சுமத்துவதும் சரியல்ல. ஒலி சரியாகவே கேட்டாலும் அதை எந்த எழுத்துகளில் எழுதுவது என்பதில் ஒருமித்த வழக்கம் நாட்டில் கிடையாது. தென்னிந்தியர் ஆங்கிலத்தில் எழுதும்போது தகரத்துக்கு "டி, எச்" என்ற இரு எழுத்துகளை இடுவர். வடஇந்தியர் "டி" என்ற ஒற்றை எழுத்தை மட்டும் இடுவர். அதனால் லதா, கீதா, கார்த்திக் ஆகிய பெயர்கள் விந்தியத்துக்கு வடக்கே ஒரு விதமாகவும் தெற்கே ஒரு விதமாகவும் ஆவணங்களில் இருக்கின்றன. இயந்திரம் எதை எழுதினாலும் பாதிப் பேருக்கு அது பிழையான பெயர்.

தமிழகம் இதை நன்கறியும். ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கேற்ப மாற்றி, 1,018 ஊர்களுக்கான அரசாணை 2020 ஜூனில் வெளியானது. எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்பதில் எழுந்த விமர்சனங்களுக்குப் பிறகு, அடுத்த சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. தம் ஊர்ப் பெயரைத் தாமே உச்சரித்து எழுதும்போதே இத்தனை கருத்து வேறுபாடு என்றால், அடுத்த மொழிக்காரர் உச்சரிப்பதை இயந்திரம் எழுதும்போது ஏற்படும் குழப்பத்தை எண்ணிப் பார்க்கலாம்.

பாதிக்கப்படுவது தமிழ்ப் பெயர்கள் மட்டுமே என்று கருதுவதும் தவறு. தமிழ் எழுத்தில் கார்கேயின் முதல் எழுத்தில் உள்ள மெய்யும் கட்கரியின் முதல் எழுத்தில் உள்ள மெய்யும் ஒன்றே. வாசகருக்கு ஆளைத் தெரியும் என்பதால் சரியாகப் படித்துவிடுகிறார். திருப்பூர் பின்னலாடை ஆலையிலோ சென்னையின் கட்டுமானப் பணியிடத்திலோ உழைக்கும் பிகார் தொழிலாளியை யாருக்கும் முன்பே தெரியாது. அவரது பெயரைத் தமிழருக்குப் பழகிய உச்சரிப்பில் சொல்லி, தமிழில் எழுதி, பின்னர் அதிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றினால், அவரது ஆதாரில் உள்ள பெயருடன் அது பொருந்தாமல் போகும் வாய்ப்பே அதிகம். தில்லியில் தமிழருக்கு நேர்வது சென்னையில் பிகாரிக்கும் நேரும்.

ஓர் எழுத்தின் விலை

பெயரின் ஓர் எழுத்து மாறினால் என்ன நேரும் என்பதற்கு இந்தியாவில் எடுத்துக்காட்டுகளுக்குப் பஞ்சமில்லை. விவசாயிகள் கௌரவ நிதித் திட்டத்தில், விண்ணப்பத்தில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் பொருந்தாததால் தவணைத் தொகை நின்றுபோனவர்கள் பலர். அவர்களுக்காகவே பெயரைத் திருத்திக்கொள்ளும் வசதியை அரசு தனியாக ஏற்படுத்த வேண்டியதாயிற்று.

அஸ்ஸாமில் 2019 ஆகஸ்ட் 31-ஆம் தேதி வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியலில் 19,06,657 பேர் விடுபட்டனர். தந்தை, பாட்டனார் பெயர்கள் ஓர் ஆவணத்துக்கும் மற்றோர் ஆவணத்துக்கும் மாறியிருந்தது அங்கு பலரை அலைக்கழித்த பிரச்னைகளில் ஒன்று. பெயரின் எழுத்துகளில் உள்ள சிறு வேறுபாடுகளை மட்டும் வைத்து ஒருவரை அயல்நாட்டவர் என்று முடிவு செய்ய இயலாது என்று அஸ்ஸாம் வழக்கு ஒன்றில் 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அந்த வேறுபாடுகளை உண்டாக்கியவர்கள் மனிதர்கள். ஒரு பேரேட்டில் ஓர் எழுத்தர் செய்த பிழைகள் அவை. அதே வேலையை இயந்திரம் செய்யும்போது, ஒரே வகைப் பிழை ஒரே நாளில் லட்சக்கணக்கான பதிவுகளில் புகும்.

மறைக்கும் அளவுகோல்

இத்தகைய பிழைகள் அதிகாரிகளின் கவனத்துக்கு வராமல் போவதற்கு அளவிடும் முறையும் ஒரு காரணம். பேச்சறிதல் மென்பொருளின் தரத்தைச் சொற்பிழை விகிதத்தால் மதிப்பிடுவது உலக வழக்கம். 20 சொற்கள் கொண்ட விண்ணப்பத்தில் 19 சொற்கள் சரியாகி, விண்ணப்பதாரரின் பெயர் மட்டும் பிழையானால், பிழை விகிதம் 5 சதவீதம் மட்டுமே. ஒப்பந்தப்புள்ளியில் 95 சதவீதத் துல்லியம் என்று அது பெருமையுடன் இடம்பெறும். ஆனால், அந்த விண்ணப்பத்தால் விண்ணப்பதாரருக்குப் பயன் எதுவும் இல்லை.

யார் பேசுகிறார் என்பதைப் பொருத்தும் துல்லியம் மாறுகிறது. அமெரிக்காவின் ஐந்து பெரு நிறுவனங்களின் பேச்சறிதல் மென்பொருள்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், வெள்ளையர் பேச்சில் சராசரியாக 19 சதவீதமாக இருந்த சொற்பிழை, கருப்பின மக்களின் பேச்சில் 35 சதவீதமாக இருந்தது தெரியவந்தது. இருதரப்பாரும் தாய்மொழியாகப் பேசியது ஆங்கிலமே. சராசரி என்பது எவரது இழப்பை மறைக்கிறது என்பதற்கு இது சான்று.

இந்தியாவிலும் ஆய்வுகள் நடக்காமல் இல்லை. சென்னை ஐஐடியின் "ஏஐ4பாரத்" மையம் 65 இடங்களைச் சேர்ந்த 117 பேரின் ஆங்கிலப் பேச்சைத் திரட்டி, இந்திய உச்சரிப்பைச் சோதிக்கும் தொகுப்பு ஒன்றை 2023-இல் வெளியிட்டது. அதே மையம் 2024-இல் 145 மாவட்டங்களில் 16,237 பேரிடமிருந்து 22 மொழிகளில் 7,348 மணி நேரப் பேச்சைத் தொகுத்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் கூகுளுடன் இணைந்து, நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் பேச்சைத் திரட்டும் "வாணி" திட்டத்தை நடத்துகிறது. மக்களே குரல் நன்கொடை அளிக்க "பாஷாதான்" என்ற ஏற்பாட்டைப் பாஷிணி செய்துள்ளது.

எனினும், இவற்றால் மட்டும் பெயர்ச் சிக்கல் தீர்ந்துவிடாது. தமிழர் தமிழ் பேசுவதையும், ஒடியர் ஒடியா பேசுவதையும் சேகரிப்பது ஒரு பணி. ஒடியப் பெயரைத் தமிழர் சொல்வதைச் சேகரிப்பது வேறு பணி. 22 மொழிகளை இணை இணையாகக் கணக்கிட்டால், ஒரு மொழியின் பெயரை வேறொரு மொழிக்காரர் சொல்லும் வகைகள் மட்டும் 462.

இதில் ஒரு முரணும் உண்டு. தனிநபரின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக, பேச்சுத் தொகுப்புகளிலிருந்து ஆட்களின் பெயர்களை நீக்குவதே நல்ல நடைமுறையாகக் கருதப்படுகிறது. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுள்ள நிலையில், இந்த எச்சரிக்கை மேலும் அவசியமாகிறது. ஆனால், பெயர்களை நீக்கிய தொகுப்பில் பயிலும் இயந்திரம் பெயர்களைக் கற்பதில்லை. உரிய ஒப்புதலுடன், உண்மையான எந்த நபரையும் சுட்டாத பெயர்ப் பட்டியல்களைப் பல மொழியினரைக் கொண்டு படிக்கச் செய்வது ஒன்றே இதற்கு வழி.

பழைய பாடம்

வழி முற்றிலும் புதியதும் அல்ல. 2010-களின் தொடக்கத்தில், மத்திய தகவல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன் சென்னை ஐஐடி உள்ளிட்ட கல்வி நிறுவனங்கள் இணைந்து, விவசாயிகள் தொலைபேசியில் பேசி விளைபொருள்களின் சந்தை விலையை அறியும் முறையைத் தமிழ் உள்ளிட்ட ஆறு மொழிகளில் உருவாக்கின. மாவட்டம், சந்தை, விளைபொருள் ஆகிய பெயர்கள்தாம் அங்கு முக்கியம். கேட்பதற்கு வாய்ப்புள்ள பெயர்களை முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டு, ஐயம் எழும் இடத்தில் விவசாயியிடமே கேட்டு உறுதி செய்துகொள்வது அத்தகைய முறைகளின் அடிப்படை.

இன்றைய இயந்திரங்களின் ஆற்றல் பல மடங்கு பெருகியிருக்கிறது. ஆனால், கேட்டு உறுதி செய்யும் பணிவு குறைந்திருக்கிறது. பட்டியலைக் காட்டி அதிலிருந்து பெயரைத் தேர்ந்தெடுக்கச் செய்வது பயன் தரும். பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சிக் கோப்பகத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் தனிக் குறியீட்டு எண் உள்ளது. ஊர்ப் பெயர்களுக்கு அதையே ஆதாரமாகக் கொள்ளலாம். ஆனால், பட்டியலுக்குள் அடைக்கப்பட்ட இயந்திரம் ஏதேனும் ஒரு பெயரைத் தேர்ந்தே தீரும் என்றால், ஒருவரின் உரிமை இன்னொருவர் கணக்கில் சேரும் அபாயம் இருக்கிறது. "தெரியவில்லை" என்று சொல்லவும் அதற்குக் கற்பிக்க வேண்டும்.

பணப் பரிமாற்றத்தில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. பணம் பெறுபவரின் பெயரை, வங்கியில் பதிவான வடிவத்திலேயே அனுப்புபவருக்குக் காட்ட வேண்டும் என்று தேசிய பணப் பட்டுவாடாக் கழகம் 2025-இல் உத்தரவிட்டது. பணத்துக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு மனுவுக்கும் வாக்குமூலத்துக்கும் இல்லாதிருப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

அரசு செய்ய வேண்டியது

குரல்வழிச் சேவைக்கான ஒப்பந்தங்களில் பெயர்ப் பிழை விகிதத்தைத் தனியாகக் கணக்கிட்டு வெளியிடுமாறு மத்திய, மாநில அரசுகள் நிபந்தனை விதிக்க வேண்டும். அந்தச் சோதனை, பெயரின் மொழியும் பேசுபவரின் மொழியும் வேறாக உள்ள நிலையில் நடத்தப்பட வேண்டும். பதிவு செய்த பெயரை இயந்திரம் திரும்பச் சொல்லி, பேசியவரின் ஒப்புதலைப் பெற்ற பிறகே அது ஆவணமாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லும்படி கட்டளையிடுவது தீர்வாகாது. பதிவு எண்ணைச் சொல்லும் வழியும், மனிதர் ஒருவரிடம் பேசும் வழியும் எப்போதும் திறந்திருக்க வேண்டும். இயந்திரம் எழுதிய பெயர் பொருந்தவில்லை என்பதை மட்டும் காரணம் காட்டி எவருக்கும் எந்த உதவியும் மறுக்கப்படக் கூடாது. நீதிமன்றங்களில் மூல ஒலிப்பதிவைப் பாதுகாத்து, ஐயம் எழும்போது அதையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் செலவு பிடிக்காது. 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த செயற்கை நுண்ணறிவு இயக்கத்தின் மதிப்பு ரூ.10,372 கோடி. அதில் மிகச் சிறு பகுதியே இந்தப் பணிக்குப் போதும்.

மொழிக் கொள்கை பற்றிய விவாதம் இந்நாட்டில் எப்போதும் எந்த மொழியில் பேசுவது என்பதைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது. பேசுபவர் எவராயினும் அவர் சொல்லும் பெயரைச் சரியாகக் கேட்பது அரசின் கடமை என்ற அடுத்த கட்டத்துக்கு அந்த விவாதம் நகர வேண்டிய நேரம் இது. பாஷிணி தன் குறிக்கோளை எட்டியதா என்பதை அது எத்தனை மொழிகளில் பேசுகிறது என்பதைக் கொண்டு அளக்க முடியாது. கோரக்பூர் ரயில் நிலையத்தில் ஒரு தமிழரும், கோவை ரயில் நிலையத்தில் ஓர் ஒடியத் தொழிலாளியும் தங்கள் பெயரை ஒரு முறை சொன்னால் அது பிழையின்றிப் பதிவாகிறதா என்பதே அதற்கான அளவுகோல்.